அணுஉலை விபத்தின்போது குழாய்களை அவசரமாக அடைக்க ஒரு கருவி ஏன் இல்லை?

பைப்பிங்_கதிர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரசாயன ஆலையில் பைப்பிங் பராமரிப்பில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு பிளாஞ்சில் நீராவி கசிந்தால் ஆலையை நிறுத்திவிட மாட்டோம். கசியும் இடத்தைச் சுற்றி கிளாம்ப் மாட்டி, அதற்குள் சீலன்டை அழுத்தத்தோடு ஏற்றி, லைன் ஓட ஓடவே அடைத்துவிடுவோம். வால்வே இல்லாத தண்ணீர் லைனை வெட்ட வேண்டுமென்றால் ஜாக்கெட் கட்டித் திரவ நைட்ரஜன் விடுவோம். உள்ளே இருக்கும் தண்ணீர் கட்டியாக உறைந்து அதுவே தடுப்பாகிவிடும்.

புகுஷிமா பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து மனதை ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. உலை உருகியபின் கதிரியக்க நீர் எங்கெங்கோ வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது. ரோபோ ஒன்றை அனுப்பிக் குழாயை அடைக்க முடியாதா? அல்லது கன்டெயின்மென்ட் சுவரை, அதாவது உலையைச் சுற்றியிருக்கும் காப்புக்கூட்டின் சுவரை, தாண்டும் ஒவ்வொரு பைப்பிலும் முன்கூட்டியே ஏதாவது பொருத்தி வைக்கலாமே. சூடு ஏறினால் தானாக உப்பி அடைத்துக்கொள்ளும் பொருள் இருக்கிறது. தீ பரவாமல் இருக்க, பிளாஸ்டிக் குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் போடும் காலர் அப்படித்தான் வேலை செய்கிறது. அல்லது சிறு வெடிமருந்தால் குழாயை நசுக்கிவிடலாம். இவ்வளவு எளிதாகத் தோன்றுவதை இத்தனை காலம் யாரும் செய்யவில்லை என்றால் நான் எதையோ பார்க்கத் தவறுகிறேன். எதை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெப்பக்கணக்கு எழுதியது:

கதிர், உங்கள் ஆலையில் லைனை மூடினால் பிரச்சினை அதோடு நிற்கும். உலையில் நிற்காது. தொடர்வினையை நிறுத்தியபிறகும், அணுக்கள் பிளந்து உண்டான பொருள்கள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுச் சக்தியில் 6 முதல் 7 சதவீதம். பல மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய 1 சதவீதம். 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையென்றால் அந்த 1 சதவீதமே 30 மெகாவாட். கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை அது மணிக்குச் சுமார் 48 டன் ஆவியாக்கும். அந்த நீராவி போக ஒரு வழி வேண்டும், அதை ஈடுகட்டத் தண்ணீர் வர ஒரு வழி வேண்டும். எல்லாக் குழாய்களையும் அடைக்கும் கருவி இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தே அடைத்துவிடும்.


வால்வுக்காரர் எழுதியது:

தம்பி, என் வேலைக்காலம் முழுக்க, லைனைத் துண்டித்து மூடும் ஐசோலேஷன் வால்வுகளோடுதான் போனது. கழற்றுவது, மூடும் டிஸ்க் போய் அழுந்தும் சீட்டைத் தேய்ப்பது, லீக் டெஸ்ட் எடுப்பது. அதனால் என் பதில் வால்வு பக்கமே சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. கன்டெயின்மென்ட் சுவரைத் தாண்டும் பைப்பில் பொதுவாக இரண்டு தடுப்புகள் உண்டு, சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒன்று மூட மறுத்தால் மற்றது. காற்றால் இயங்கும் வால்வாக இருந்தால் ஸ்பிரிங் அதை எப்போதும் மூடும் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும், காற்றழுத்தம்தான் திறந்து பிடித்திருக்கும். காற்று போனாலும் கரன்ட் போனாலும் தானாக மூடிக்கொள்ளும். உலைக்குள்ளேயே தண்ணீர் கொதித்து நீராவியாகும் கொதிநீர் உலையில், டர்பைனுக்குப் போகும் மெயின் ஸ்டீம் லைன் வால்வு 3 முதல் 5 வினாடிக்குள் மூட வேண்டும். 5-க்கு மேல் ஏன் போகக்கூடாது என்பது எல்லாருக்கும் புரியும். 3-க்குக் கீழே ஏன் போகக்கூடாது என்றுதான் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். படாரென்று மூடினால் நீராவி போக இடமில்லாமல் உலைக்குள் அழுத்தம் எகிறும். அழுத்தம் எகிறினால் தண்ணீரில் இருக்கும் நீராவிக் குமிழிகள் சுருங்கும். குமிழி சுருங்கினால் நியூட்ரான்கள் நன்றாக மட்டுப்பட்டு உலையின் சக்தி ஏறும். ஒரு வால்வை அடைப்பது உலையின் நெஞ்சையே தொடும் காரியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

வெடிமருந்து யோசனையும் புதிதல்ல. கொதிநீர் உலைகளில் நியூட்ரான் அளக்கும் டிடெக்டரை நீண்ட கேபிளின் முனையில் வைத்து, விரல் கனம்கூட இல்லாத குழாய் வழியாக உலைக்குள் அனுப்பி எடுப்பார்கள். வேலை முடிந்து கேபிள் வெளியே வந்ததும் ஒரு பால் வால்வு அந்தக் குழாயை மூடிவிடும். கேபிள் உள்ளே சிக்கிக்கொண்டால்? கேபிள் நடுவில் கிடக்கும்போது பால் வால்வு மூடாது. அதற்காகவே பக்கத்தில் ஷியர் வால்வு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆள் வேண்டுமென்றே இயக்கினால், உள்ளே இருக்கும் சிறு வெடிமருந்து ஒரு வெட்டுக்கத்தியைத் தள்ளும். அது கேபிளையும் குழாயையும் ஒரே வெட்டாக வெட்டி வாயை அடைத்துவிடும். நீங்கள் கனவு கண்ட கருவி அச்சு அசலாக இதுதான்.

பெரிய பைப்புக்கு ஏன் வைப்பதில்லை? வெடித்தால் ஒருமுறைதான். உங்கள் பைப்பில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட சாதனம் அடைக்குமா அடைக்காதா என்பதை நீங்கள் முன்கூட்டிப் பார்க்கவே முடியாது. அதே தொகுதியில் தயாரான வேறொன்றை வெடித்துப் பார்த்து இதுவும் அப்படித்தான் என்று நம்ப வேண்டும். நசுங்கிய கனத்த எஃகுக் குழாயில் மடிப்புகளின் ஓரத்தில் காற்று போகாது என்று யார் கையெழுத்துப் போடுவது? வால்வை நான் திறந்து மூடிப் பார்க்கலாம், அளக்கலாம், சரியில்லை என்றால் கழற்றலாம்.

அளப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். உலை நிறுத்தத்தின்போது இரண்டு வால்வுகளையும் மூடி, நடுவில் காற்றை விபத்து அழுத்தத்துக்கு ஏற்றுவோம். அழுத்தத்தை அதே அளவில் பிடித்து வைக்க எவ்வளவு காற்று ஊட்ட வேண்டியிருக்கிறது என்று ரோட்டாமீட்டரில் பார்ப்போம். காற்று அதிகம் ஓடினால் அதன் மிதவை மேலே ஏறும். ஊட்டுவது எவ்வளவோ கசிவதும் அவ்வளவே. ஒருமுறை ஒரு செக் வால்வு, ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் வகை, தேறவே இல்லை. மிதவை மேலேயே நின்றது. திறந்து பார்த்தால் சீட்டின் மேல் நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவுக்கு ஒரு துருச் செதில். அதைத் துடைத்து எடுத்துவிட்டு, டிஸ்க்கில் புளூ என்ற நீலச் சாயம் தடவிச் சீட்டில் ஒற்றிப் பார்த்தோம். வட்டம் முழுக்க நீலக்கோடு விழுந்திருந்தது, கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கோடு அறுந்திருந்தது. அந்தச் செதில் அழுந்தி அழுந்திச் சீட்டில் பள்ளம் போட்டிருக்கிறது. லேப்பிங் பேஸ்ட் போட்டுக் கையாலேயே தேய்த்து, மறுபடி புளூ, மறுபடி தேய்ப்பு. கோடு முழு வட்டமாகச் சேர்ந்தபிறகுதான் மிதவை கீழே இறங்கியது. தண்ணீர் ஒரு சொட்டுகூட விடாத வால்வு காற்றை விடும். விபத்தில் வெளியே வரப்போவது நீராவியும் வாயுவும்தான், அதனால்தான் காற்றை வைத்து அளக்கிறோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விபத்துகளில் அடைக்கும் கருவி இல்லாததால் கெட்டது குறைவு. எதை அடைப்பது, எதைத் திறந்து வைப்பது என்பதில்தான் கெட்டிருக்கிறது.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் குறைக்கத் திறந்த ரிலீஃப் வால்வு திரும்ப மூடவில்லை. அதே லைனில் பிளாக் வால்வு ஒன்று இருந்தது, கன்ட்ரோல் ரூமில் இருந்தே மூடியிருக்கலாம். ஆனால் பலகையில் இருந்த விளக்கு, மூடு என்ற மின்கட்டளை போய்விட்டதைத்தான் காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. அதிகாலை 4 மணிக்குத் தொடங்கிய கசிவு, பிளாக் வால்வை மூடிய 6:22 வரை ஓடியது. இதற்கிடையில் கட்டடத்தின் அடிக்குழியில் சேர்ந்த தண்ணீரைப் பம்ப் தானாகவே பக்கத்துத் துணைக் கட்டடத்துக்கு இறைத்தது. கன்டெயின்மென்ட்டை மூடும் சிக்னல் கட்டட அழுத்தம் ஏறினால் மட்டுமே வரும்படி வைத்திருந்தார்கள், அழுத்தம் அந்த அளவுக்கு ஏற மணிக்கணக்கானது. அதன்பிறகுதான், மூடும் சிக்னல் ஒரே ஒரு அளவீட்டை நம்பியிருக்கக்கூடாது என்ற விதி வந்தது.

2011 மார்ச் 11, புகுஷிமா டாய்இச்சி முதல் உலை. இது நேரெதிர். அங்கே ஐசோலேஷன் கண்டென்சர் என்று ஒரு அமைப்பு. உலையின் நீராவி மேலே ஒரு நீர்த்தொட்டிக்குள் இருக்கும் குழாய்க்குப் போய்க் குளிர்ந்து, தண்ணீராகித் தானாகவே கீழே இறங்கும். பம்ப் வேண்டாம். அந்த லைன் உடைந்தால் மூடிவிட ஐசோலேஷன் வால்வுகளும், உடைந்ததைக் கண்டுபிடிக்கும் மின்சுற்றும் உண்டு. அந்தச் சுற்றுக்குக் கரன்ட் போனால் லைன் உடைந்ததாகவே எடுத்துக்கொண்டு மூடு என்று சொல்லும்படி அமைத்திருந்தார்கள். சுனாமியில் பேட்டரி மூழ்கியது. சுற்று மூடச் சொன்னது. குழாய் எதுவும் உடையாமலேயே அந்த உலையின் குளிர்விப்பு வழி அடைபட்டது. பாதுகாப்புக்காகத் தானாக அடைத்துக்கொள் என்று எழுதிவைத்த விதி செய்த வேலை அது. சூட்டில் உப்பிக்கொள்ளும் உங்கள் காலர் சூட்டை மட்டும்தான் அறியும். அந்தக் குழாய் அசுத்தத்தை வெளியே கொண்டுபோகிறதா, உயிர்த்தண்ணீரை உள்ளே கொண்டுவருகிறதா என்பது அதற்குத் தெரியாது.


சிவில்_மணி எழுதியது:

வால்வுக்காரர் ஐயா உலைக்கு அருகில் நடப்பதைச் சொல்லிவிட்டார். கதிர் கேட்ட தண்ணீர்க் கசிவு எங்கள் துறைப் பக்கம் வருகிறது, அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

2011 ஏப்ரல் 2-ஆம் தேதி புகுஷிமா இரண்டாம் உலையின் கடல்நீர் வாய்க்கு அருகே, கேபிள்கள் போகும் ஒரு குழியின் சுவரில் சுமார் 20 சென்டிமீட்டர் நீள வெடிப்பு. அதன் வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நேராகக் கடலில் விழுந்தது. குழிக்குள் கதிர்வீச்சு மணிக்கு 1000 மில்லிசீவர்ட்டுக்கு மேல். முதலில் கான்கிரீட் ஊற்றினார்கள், நிற்கவில்லை. ஓடும் தண்ணீரில் பச்சைக் கான்கிரீட்டை ஊற்றினால் சிமென்ட் கழுவிக்கொண்டு போய் ஜல்லி மட்டும் மிஞ்சும். மறுநாள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருகும் பாலிமரோடு மரத்தூளும் கிழித்த செய்தித்தாளும் கலந்து போட்டார்கள். அதுவும் பலிக்கவில்லை.

அப்புறம் செய்ததுதான் சரியான காரியம். மேலிருந்த குழியில் வெள்ளைச் சாயம் கலந்து விட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். கடலோரத்தில் வெள்ளை வரவில்லை. அதாவது தண்ணீர் அவர்கள் அடைத்துக்கொண்டிருந்த வழியில் போகவேயில்லை, அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை வழியாகப் போயிருக்க வேண்டும். உடனே குழியைச் சுற்றித் துளையிட்டு மண்ணுக்குள் வாட்டர் கிளாஸ், அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசலை, ஏற்றினார்கள். ஏப்ரல் 6 அதிகாலை கசிவு நின்றது. மண்ணுக்குள் கலவை ஏற்றிக் கசிவை அடைக்கும் எங்கள் கிரவுட்டிங் வேலையில் எப்போதும் இதுதான். பொருளைத் தேடுவதற்கு முன் தண்ணீரின் பாதையைத் தேட வேண்டும்.

கதிர் சொன்ன உறையவைக்கும் முறையையும் அங்கே செய்து பார்த்தார்கள். 2014-ல் அதே இரண்டாம் உலையின் டர்பைன் கட்டடத்தோடு சேரும் சுரங்க வாயை, குளிர்விக்கும் குழாய்களை இறக்கிப் பனிச்சுவர் கட்டி அடைக்க முயன்றார்கள். மாதக்கணக்கில் குளிர்வித்தும் முழுதாக உறையவில்லை. கட்டடத்தில் நீர்மட்டம் மாற மாறச் சுரங்கத்தில் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே கிடந்த கேபிள் தட்டுகளும் குழாய்களும் குளிர் பரவத் தடையாக நின்றன. பனிக்கட்டியையும் டிரை ஐஸையும் டன் டன்னாகக் கொட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில், தண்ணீருக்கு அடியிலும் பிரியாமல் பரவும் சிறப்புச் சிமென்ட் கலவையைக் கொண்டு சுரங்கத்தையே நிரப்பத் தொடங்கினார்கள்.


பைப்பிங்_கதிர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐசோலேஷன் கண்டென்சர் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். என் காலர் யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வால்வுக்காரர் ஐயா, இரண்டு சந்தேகம். அணுமின் நிலையத்திலும் பராமரிப்புக்கு, குழாயில் தண்ணீரை உறையவைக்கும் ஐஸ் பிளக் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் விபத்தில் ஏன் அது உதவாது? இன்னொன்று, உருகிய உலையில் கடைசியில் எங்கேதான் கசிந்தது? பைப் வெடித்ததா?


வால்வுக்காரர் எழுதியது:

ஐஸ் பிளக் போடுவார்கள், நிறையவே. ஆனால் நீங்களே செய்பவர், உங்களுக்குத் தெரியும். தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், பைப்பின் வெளிப்பக்கத்துக்கு ஆள் போக வேண்டும், நைட்ரஜன் தீராமல் வந்துகொண்டிருக்க வேண்டும், யாராவது பக்கத்திலேயே நின்று வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். அமைதியான நாளிலேயே அது கைவிட்டிருக்கிறது. 1989-ல் அமெரிக்காவின் ரிவர் பெண்ட் நிலையத்தில், உலை நிறுத்தத்தில் இருந்தபோது, சர்வீஸ் வாட்டர் லைனில் போட்ட ஐஸ் பிளக் விட்டுப்போய்த் துணைக் கட்டடத்தில் வெள்ளம். தண்ணீர் மின்சாதனங்களில் இறங்கியதால், உலையின் மிச்ச வெப்பத்தை எடுத்துக்கொண்டிருந்த குளிர்விப்பே சற்று நேரம் நின்றுபோனது. விபத்து நேரத்தில் உங்களுக்கு நிற்கும் தண்ணீரும் கிடைக்காது, பைப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கவும் முடியாது. அழுத்த நீர் உலையில் (தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைக்கும் வகை), உலை வழியாகத் தண்ணீர் ஓடும் முதன்மைச் சுற்றில் 150 மடங்குக்கு மேல் வளிமண்டல அழுத்தம், 300 டிகிரிக்கு மேல் சூடு. அதில் உடைப்பு வந்தால் வெளியே வரும்போதே தண்ணீர் நீராவியாக வெடித்துச் சிதறும். அதை எந்தப் பிளக்கும் எதிர்த்து நிற்காது.

இரண்டாவது கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். கேமராவும் ரோபோவும் போய்ப் பார்த்த இடங்களில் கசிவு பைப்பின் நடுவில் இல்லை. புகுஷிமா முதல் உலையில் 2014 மே மாதம் தெரிந்தது, டோரஸ் (கன்டெயின்மென்ட்டின் அடியில் வளையமாக இருக்கும் நீர்த்தொட்டி) அறையில் இருக்கும் வாக்குவம் பிரேக்கர் லைனின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது விரிந்து சுருங்க இடம் தரும் இணைப்பு. மூன்றாம் உலையில் அதே மாதம் தெரிந்தது, மெயின் ஸ்டீம் லைன் ஒன்றின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் பக்கம். இரண்டும் பெல்லோஸ், அதாவது மடிப்பு மடிப்பான மெல்லிய உலோகத் துண்டு, இருக்கும் இடம். கனத்த எஃகு தாங்கியது. அசைந்து கொடுப்பதற்காக மெல்லிசாகச் செய்த பாகம் கைவிட்டுவிட்டது. கன்டெயின்மென்ட்டின் மேல்மூடியில் இருப்பது சிலிக்கான் ரப்பர் கேஸ்கெட். சூட்டிலும் நீராவியிலும் அது தன் மீள்தன்மையை இழக்கும். முதல் உலையின் கன்டெயின்மென்ட் அழுத்தம் வடிவமைப்பு அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்குப் போனது, அப்போது போல்ட் சற்று இழுபட்டாலே போதும், கேஸ்கெட் பின்தொடர்ந்து நிரப்பாது. நீங்கள் பைப்பை அடைக்கும் கருவி கேட்டீர்கள். அங்கே பார்த்த இடங்களில் பைப்புகள் சரியாகவே இருந்திருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த மெல்லிய பாகங்கள்தான் போயின.

விபத்துக்குப் பிறகு அடைப்பதற்கான ஆராய்ச்சி பெரிதாகவே நடந்தது. நராஹா என்ற ஊரில் இருக்கும் சோதனைக் கூடத்தில் டோரஸின் எட்டில் ஒரு பங்கை முழு அளவில் கட்டி, டோரஸுக்கு இறங்கும் வென்ட் பைப்புக்குள் பையை இறக்கி ஊதவைத்து, அதன் பின்னால் கலவை ஊற்றி அடைக்க முடியுமா என்று பார்த்தார்கள். உங்கள் யோசனைக்கு மிக அருகில் வந்த முயற்சி அதுதான். ஆனாலும் கன்டெயின்மென்ட்டை மேல்வரை தண்ணீரால் நிரப்பும் அளவுக்கு எல்லா ஓட்டைகளையும் அடைப்பது கடினம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2017-ல் வெளியான திருத்திய திட்டத்தில், தண்ணீர் முழுக்க நிரப்பாமல் பக்கவாட்டிலிருந்து எரிபொருள் சிதைவுகளை எடுக்கும் வழிக்கே முன்னுரிமை கொடுத்தார்கள்.


உப்பு_உலை எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். குழாயைக் கட்டியால் அடைப்பதை வேண்டுமென்றே தலைகீழாகப் பயன்படுத்திய உலையும் உண்டு. 1965 முதல் 1969 வரை ஓக் ரிட்ஜில் ஓடிய உருகிய உப்பு உலையில், தட்டையாக்கிய குழாய்ப் பகுதியின் மேல் காற்றை ஊதி உள்ளே இருக்கும் உப்பை உறையவைத்திருந்தார்கள். ஊதுவது நின்றால் கட்டி உருகும், எரிபொருள் உப்பு தானாகவே கீழே இருக்கும் தொட்டிக்கு வடியும். அங்கே கரன்ட் போனால் அடைப்பு திறக்கும்.


பைப்பிங்_கதிர் எழுதியது:

இது எனக்குப் புதிது, நன்றி. வால்வுக்காரர் ஐயா, கடைசியாக ஒன்று. அடைக்கும் கருவி தேவையில்லை என்றால், உங்கள் கையில் விட்டால் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?


வால்வுக்காரர் எழுதியது:

மூடிய வால்வைக் கரன்ட் இல்லாமல், காற்று இல்லாமல், தூரத்தில் இருந்தபடியே திறக்க ஒரு வழி. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்வேன்.

2011 மார்ச் 12 காலையில், புகுஷிமாவின் முதலாம் உலையில் கன்டெயின்மென்ட் அழுத்தத்தை வெளியேற்ற இரண்டு வால்வுகள் திறக்க வேண்டியிருந்தது. முதலாவது மோட்டார் வால்வு, அதற்குக் கைச்சக்கரம் இருந்தது. ஒரு குழு இருட்டில் முகமூடியோடு போய் 25 சதவீதம் திறந்துவிட்டுத் திரும்பியது. இரண்டாவது காற்று வால்வு, டோரஸ் அறையில். அதற்காகப் போன குழு கதிர்வீச்சு அளவைப் பார்த்துப் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு எங்கிருந்தோ ஒரு சிறு கம்ப்ரெசரைத் தேடிப்பிடித்து, காற்று லைனில் அதைச் சேர்க்கப் பொருத்தமான அடாப்டரையும் தேடிப்பிடித்து, பிற்பகல் 2 மணி வாக்கில் ஓட்டியபிறகுதான் வால்வு திறந்து அழுத்தம் இறங்கியது. அந்த மணி நேரங்கள் முழுக்க, நான் மேலே சொன்ன கேஸ்கெட்டும் பெல்லோஸும் அழுத்தத்தில் வெந்துகொண்டிருந்தன.

2013-ல் அமெரிக்காவில் அதே வகைக் கன்டெயின்மென்ட் உள்ள உலைகளுக்கு, எரிபொருள் உருகிய நிலையிலும் இயக்கக்கூடிய, அழுத்தத்தை வெளியேற்றும் வென்ட் அமைப்பு வேண்டும் என்று ஆணையே போட்டார்கள். நல்ல காரியம். நான் கேட்பது இன்னும் சின்னது. ஒவ்வொரு வென்ட் வால்வுக்கும் காற்று ஏற்றும் வாய், கனத்த சுவருக்கு இந்தப் பக்கம், ஆள் நின்று வேலை செய்யக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் கப்ளிங் அங்கேயே சங்கிலியில் தொங்க வேண்டும். காற்று சிலிண்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும், விளக்கை அணைத்துவிட்டு, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, அதே ஆட்கள் அதைத் திறந்து காட்ட வேண்டும். உங்கள் ஆலையிலும் இதைச் செய்து பாருங்கள் தம்பி. முதல் தடவை என்ன நடக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள், கையுறையோடு கப்ளிங் மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.